மரை

சேன் லூயியில் ஆணிக்கடை வைத்திருக்கிறேன்.
நாலு மில்லி, ஆறு மில்லி, பித்தளை, துருப்பிடிக்காதது,
எது கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துத் தருவேன்.
மூடுவதற்கு இப்போது ஒன்றுதான் இருக்கிறது.

இடக்கண்ணை இமையோடும் பாதிப் புருவத்தோடும்
கட்டி கொண்டுபோய் நாலு வருஷம்.
பள்ளத்தைச் சுற்றி எலும்பில் மூன்று டைட்டானியத் தண்டுகள்,
தண்டின் தலையில் காந்தம்,
சிலிக்கோன் துண்டின் முதுகிலும் காந்தம்.
காலையில் பல் விளக்கி, பள்ளத்தை உப்புநீரால் துடைத்து,
கிட்டே கொண்டுபோனால் அதுவே தாவிப் பிடிக்கும்.
டக்.
டக் கேட்ட பிறகுதான் காப்பி.

தேவர்களுக்கு இமைக்காது, வியர்க்காது,
சூடிய மாலை வாடாது என்பார்கள்.
என் முகத்தில் ஓர் உள்ளங்கை அகலம் தேவலோகம்.
அதற்கு அடியில் வியர்ப்பது என்னவோ நான்தான்.
ஜூலைக் குளிரில் என் கன்னத்தைப் பார்த்துப் பார்த்துக் கலந்த நிறம்;
ஜனவரியில் நான் கறுத்துவிட்டேன், அது கறுக்கவில்லை.
வாடிக்கையாளர்கள் பாக்கிச் சில்லறையை
என் காதுக்குப் பக்கத்தில் எதையோ பார்த்தபடி வாங்குகிறார்கள்.

போன மாதம் சத்தம் மாறியது.
டக் என்று மேலே இரண்டு, கொஞ்சம் பொறுத்துக் கீழே ஒன்று,
வேண்டாவெறுப்பாக.
கீழ்த்தண்டில் மரை கழன்றிருந்தது.
எனக்கு மரை கழன்றுவிட்டதென்று இனி யாராவது சொன்னால்
மறுக்க முடியாது, எக்ஸ்ரே இருக்கிறது.
இதை நாத்தனார் சில்வியானிடம் கிரியோலில் சொல்லிப் பார்த்தேன்.
"வலிக்கிறதா?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.
காரைக்காலில் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை எத்தாங் சாலே கடற்கரை.
எரிமலை அரைத்துப் போட்ட கறுப்பு மணல்.
பாய் விரித்து, சோற்றுப் பானையை இறக்கக் குனிந்தேன்,
ஆவி அடித்தது,
முகம் விழுந்துவிட்டது.

அது மல்லாந்து கிடந்து வானத்தைப் பார்த்தது.
நாலு வருஷத்தில் முதல்முறையாக
நான் பார்க்காத திசையை அது பார்த்தது.
என் பள்ளத்தில் கடற்காற்று நுழைந்தது.
உப்பாக, குளிர்ச்சியாக. யாரிடமும் சொல்லவில்லை,
நன்றாக இருந்தது.

சில்வியானின் பேரன் லோரிஸ்தான்
இரண்டு கையிலும் ஏந்திக் கொண்டுவந்தான்.
"தான்தீன், இதற்கு முடி முளைத்திருக்கிறது!"
அந்த மணலில் பாதி இரும்பு என்பதை மறந்திருந்தேன்.
மூன்று காந்தத்திலும் கறுப்புத் துகள்கள்
சிலிர்த்துக்கொண்டு நின்றன.
தண்ணீர் ஊற்றினால் படுத்து, மறுபடி எழுந்தன.
துணியால் துடைத்தால் இடம் மாறி உட்கார்ந்தன.
கடைசியில் மின்கம்பி சுற்றும் கறுப்பு நாடாவை
ஒட்டி ஒட்டிப் பிடுங்கினேன், ஒரு மணிநேரம்.
அதுவரை லோரிஸ் என் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டே
மீன்கறிச் சோறு தின்றான்.

வியாழக்கிழமை மஞ்சள் பஸ்ஸில் சேன் தெனி.
"மதாம் வெலையுடோம்" என்று கூப்பிட்டார்கள்,
வேலாயுதம் என்று நான் திருத்துவதை விட்டு வெகுநாள் ஆகிறது.
ஓர்த்தான்ஸ் விரல்நீளத் திருகுச்சாவியை மாட்டித் திருகினாள்.
காதுக்கு வெளியே ஒன்றும் கேட்கவில்லை,
எலும்புக்குள் கிர்ர் என்றது, பல்வரைக்கும்.
"இறுக்கிவிடாதே, மரை தேய்ந்துவிடும்" என்றேன்.
பழக்கதோஷம்.
"அளவுக்கு மேல் போனால் சாவியே வழுக்கும், மதாம்."
அப்படி ஒரு சாவி என் கடையிலும் இருக்கிறது,
விலை அதிகம், யாரும் வாங்குவதில்லை.

கீழ்க்காந்தத்தின் பூச்சு உரிந்து, உள்ளே துரு.
மணலா, வியர்வையா, என் உப்புநீரா, தெரியாது என்றாள்.
புதுசு பிரான்சிலிருந்து வரவேண்டும்.
"எத்தனை நாள்?"
"கப்பலில் இருக்கிறது. ஆறு வாரம்."

நான் சிரித்துவிட்டேன்.
இருபது வருஷமாகக் கல்லாவுக்குப் பின்னால் நின்று
இல்லாத சரக்குக்கெல்லாம்
நான் சொல்கிற பதில் அது.